நுரைக்கும் சிறுநீரும் கழுத்து நெறியும்

காலையில் எழும்போதே கண்ணிமை புடைத்திருக்கும். மாலையில் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த பள்ளம் நெடுநேரம் மறையாது. சிறுநீரோ சோப்புத் தண்ணீர் போல நுரைக்கும். இப்படி வருபவரிடம் மருத்துவர் முதலில் கேட்பது சர்க்கரை உண்டா என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் அனுபவப்பட்ட சிறுநீரக மருத்துவரின் விரல்கள் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பார்க்கும். நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமா, அபூர்வமாக, சிறுநீரகம் வழியாகத்தான் முதலில் தலைகாட்டும்.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கியவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்தியில் காட்டுவார். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி அது திரையும். ஒழுகிய புரதம்! 1827-ல் இதை எழுதினார். அதே மருத்துவமனையின் தாமஸ் ஹாட்ஜ்கின், நெறிகளும் மண்ணீரலும் பெருத்து இறந்த ஏழு பேரைப் பற்றி 1832-ல் எழுதினார். இரண்டும் ஒரே உடம்பில் கைகோக்கும் என்பது பின்னால்தான் விளங்கியது.

ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 180 லிட்டர் வடித்தாலும், சிறுநீரில் 150 மில்லிகிராம் புரதம்கூடத் தாண்டாது. ஹாட்ஜ்கின் லிம்போமா வந்த சிலருக்கு இது 3.5 கிராமுக்கு மேல் எகிறுகிறது. இத்தனைக்கும் புற்றணு எதுவும் சிறுநீரகத்துக்குள் போயிருக்காது. பயாப்சித் துண்டைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் பழுதே தெரியாது. அதனால்தான் இதற்கு 'மினிமல் சேஞ்ச்' நோய் என்று பெயர். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில்தான், வடிகட்டியைப் பற்றியிருக்கும் செல்களின் விரல் போன்ற பாதங்கள் மழுங்கித் தட்டையாகிக் கிடப்பது தெரியும். நிணநீர் அணுக்கள் சுரக்கும் ஏதோ ஒரு பொருளே காரணம் என்று 1974-ல் லான்செட் மருத்துவ இதழில் மருத்துவர் ஷால்ஹூப் ஊகித்தார். அவர் காட்டிய தடயங்களில் ஹாட்ஜ்கின் நோயும் ஒன்று.

மற்ற லிம்போமாக்களில் கதை வேறு. புற்றணுக்களே சிறுநீரகத்துக்குள் குடியேறிவிடுவதுண்டு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறும். நாள்பட்ட பழுதில் பெரும்பாலும் சுருங்கிப்போகும் சிறுநீரகம், இங்கே ஸ்கேனில் பருத்துத் தெரியும். அந்த முரண்தான் மருத்துவரை பயாப்சி ஊசியை எடுக்க வைக்கிறது.

நுரை கண்டவர் எல்லாரும் பதற வேண்டாம். சில நாள் நீடித்தால் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று போதும். லிம்போமாவே காரணமாக இருந்தால், அதற்கான மருந்து ஏறி நெறி கரையும்போது புரத ஒழுக்கும் பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு என்றாவது நுரை திரும்பினால், லிம்போமாவும் திரும்பியிருக்கிறதா என்று தேடுவார்கள்.