நோக்கியா என்900 கணினியில் மென்பொருள் தொகுப்புச் சூழல்

மென்பொருள் தொகுப்புச் சூழல் என்பது மூல நிரலை ஒரு குறிப்பிட்ட கருவியில் இயங்கும் நிரலாக மாற்றத் தேவையான தொகுப்பி, இணைப்பி, நிரலகங்கள், தலைப்புக் கோப்புகள் ஆகியவை ஒருங்கே அமைந்த ஏற்பாடாகும். மேசைக் கணினியில் இதனை ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். கையடக்க லினக்ஸ் கணினிகளில் இது அவ்வளவு எளிதன்று. நோக்கியா என்900 கருவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இச்சிக்கலின் காரணங்களையும் எளிய தீர்வொன்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

என்900 கருவி 2009 ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. 600 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஆர்ம் கார்டெக்ஸ்-ஏ8 செயலி, 256 மெகாபைட் நினைவகம், 32 கிகாபைட் சேமிப்பகம், நழுவித் திறக்கும் விசைப்பலகை ஆகியவை இதில் உள்ளன. இதன் இயங்குதளமான மேமோ 5, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. எனவே முனையம், பொதி மேலாளர் முதலியவை மேசைக் கணினியில் இருப்பது போலவே இயங்கும்.

நோக்கியா 2010 இல் இன்டெல் நிறுவனத்துடன் சேர்ந்து மீகோ தளத்தை அறிவித்தது. 2011 இல் விண்டோஸ் போன் தளத்தைத் தேர்ந்தெடுத்தது. அதன்பின் மேமோ 5 தளத்தின் வளர்ச்சி பயனர் சமூகத்தின் கையில் விடப்பட்டது. உற்பத்தியாளர் கைவிட்ட கருவிக்குப் புதிய மென்பொருள் வேண்டுமெனில் யாரேனும் ஒருவர் மூல நிரலிலிருந்து அதைத் தொகுத்தாக வேண்டும். ஆகவே தொகுப்புச் சூழல் இருக்கும் வரையில்தான் இத்தகைய கருவிக்கு ஆயுள் உண்டு.

சிக்கலின் காரணங்கள்

முதலாவது, செயலியின் வேறுபாடு. மேசைக் கணினிகள் பெரும்பாலும் எக்ஸ்86 வகையைச் சேர்ந்தவை. அவற்றில் இயல்பாகத் தொகுக்கப்படும் நிரலை ஆர்ம் செயலி புரிந்துகொள்ளாது. இதற்காக, ஒரு கணினியில் இருந்துகொண்டே வேறு வகைச் செயலிக்கு நிரல் உருவாக்கும் குறுக்குத் தொகுப்பி பயன்படுகிறது. ஆயினும் பல மென்பொருள்கள் தொகுப்பதற்கு முன் சிறு சோதனை நிரல்களை உருவாக்கி, அவற்றை இயக்கிப் பார்த்தே தம்மை அமைத்துக்கொள்கின்றன. ஆர்ம் சோதனை நிரல் எக்ஸ்86 கணினியில் இயங்காததால் தொகுப்பு பாதியிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது, நிரலகங்களின் பதிப்பு. மேமோ 5 இல் உள்ள சி நிரலகமான ஜிலிப்சியின் பதிப்பு 2.5 ஆகும். பழைய ஜிலிப்சியுடன் தொகுத்த நிரல் புதியதில் இயங்கும். புதியதுடன் தொகுத்தது பழையதில் இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. தேவையான பதிப்பு இல்லை என்ற பிழைச்செய்தியுடன் அது நின்றுவிடக்கூடும்.

மூன்றாவது, சேமிப்பகத்தின் பிரிவினை. என்900 இன் அடிப்படைக் கோப்பு முறைமை 256 மெகாபைட் மட்டுமே. பெரும்பகுதியான ஏறத்தாழ 27 கிகாபைட் ஃபேட் வடிவில் உள்ளது. லினக்ஸ் கோப்பு அனுமதிகளையும் குறியீட்டு இணைப்புகளையும் ஃபேட் சேமிக்காது என்பதால் அங்கே நேரடியாகத் தொகுக்க இயலாது.

நோக்கியாவின் வழி

மேமோ உருவாக்குநர்களுக்கு நோக்கியா பரிந்துரைத்த கருவித்தொகுதி ஸ்க்ராட்ச்பாக்ஸ் ஆகும். இது மேசைக் கணினிக்குள் மேமோவின் சூழலைத் தனியே அமைத்தது. குறுக்குத் தொகுப்பியின் வேகத்தில் நிரலை உருவாக்கும். ஆர்ம் சோதனை நிரல்கள் குறுக்கிடும்போது அவற்றைக் கியூஎமு போன்மி வழியாக இயக்கும். மேமோவின் சொந்த நிரலகங்களுடன் இணைக்க இதுவே பொருத்தமான வழி. ஆனால் இன்றைய லினக்ஸ் கணினிகளில் கருனியின் சில பாதுகாப்பு அமைப்புகளைத் தளர்த்தாமல் பழைய ஸ்க்ராட்ச்பாக்ஸ் இயங்குவதில்லை. புதிதாகக் கற்பவர் பலர் இந்த இடத்திலேயே முயற்சியைக் கைவிட்டுவிடுவர்.

எளிய வழி: டெபியன் படிமம்

ஒரு முழு டெபியன் அமைப்பை ஒற்றைக் கோப்பாக ஆக்கி, அதனுள் நுழைந்து தொகுப்பது எளிய வழியாகும். இவ்வாறு நுழைவதற்கு உதவும் கட்டளை சிரூட். குறிப்பிட்ட அடைவு ஒன்றையே முழுக் கோப்பு முறைமையாக நிரல்களுக்குக் காட்டுவது இதன் வேலை. என்900 பயனர்களிடையே பரவிய ஈசி டெபியன் இக்கருத்தையே பின்பற்றியது. அமைக்கும் படிகள் வருமாறு:

1. மேசை லினக்ஸ் கணினியில் சுமார் 2 கிகாபைட் அளவுள்ள வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்க வேண்டும். ஃபேட் பகுதியில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது.

2. அக்கோப்பை எக்ஸ்ட்3 வடிவில் அமைக்க வேண்டும். இன்றைய எக்ஸ்ட்4 வடிவின் சில வசதிகளை மேமோவின் 2.6.28 கருனி அறியாது.

3. டிபூட்ஸ்ட்ராப் என்னும் கருவியைக் கொண்டு டெபியன் 6 இன் ஆர்மெல் பதிப்பை அதனுள் நிறுவ வேண்டும். அண்மைக்கால டெபியன் பதிப்புகள் கருனி மிகப் பழையது எனக் கூறி இயங்க மறுக்கும். பழைய பதிப்புகள் டெபியனின் காப்பகத்தில் கிடைக்கின்றன.

4. கோப்பை என்900 இன் ஃபேட் பகுதிக்கு நகலெடுத்து, மூலப் பயனராக ஏற்ற வேண்டும். கருவியின் புராக், டெவ், சிஸ் அடைவுகளையும் அதனுள் இணைக்க வேண்டும்.

5. சிரூட் வழியாக உள்ளே நுழைந்து, பில்ட்-எசென்ஷியல் என்னும் பொதியை நிறுவ வேண்டும். ஜிசிசி தொகுப்பியும் மேக் கருவியும் இதனுடன் வந்துவிடும்.

படிமம் ஃபேட் பகுதியில் இருந்தாலும் அதன் உள்ளே எக்ஸ்ட்3 இருப்பதால் அனுமதிச் சிக்கல் எழாது. தொகுப்பியும் சோதனை நிரல்களும் ஆர்ம் செயலியிலேயே இயங்குவதால் முதல் சிக்கலும் நீங்குகிறது.

இம்முறையின் தனிச்சிறப்பு, அதே படிமத்தை மேசைக் கணினியிலும் பயன்படுத்தலாம் என்பதாகும். அங்கு அதை ஏற்றி, கியூஎமு துணையுடன் சிரூட் செய்தால் அதே சூழல் கிடைக்கும். பெரிய மென்பொருளை மேசைக் கணினியில் தொகுத்துவிட்டு, படிமத்தை மீண்டும் கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளிலும் ஏற்றினால் கோப்பு முறைமை பழுதாகும் என்பதால் அதனைத் தவிர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

படிமத்தில் தொகுத்த நிரலைப் படிமத்திற்குள்ளேயே இயக்குவது பாதுகாப்பானது. அதன் ஜிலிப்சி மேமோவில் உள்ளதைவிடப் புதியது. வெளியே இயங்க வேண்டுமெனில், தேவையான நிரலகங்களை நிரலுக்குள்ளேயே சேர்க்கும் நிலை இணைப்பு முறையில் தொகுக்கலாம். சிறிய கட்டளைவரி நிரல்களுக்கு இது ஏற்றது.

ஆர்மெல், ஆர்ம்எச்எஃப் என்னும் இரு வகைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்ன எண்களை நிரலகங்களுக்கு அனுப்பும் முறை இவை இரண்டிலும் வேறுபடுகிறது. மேமோ 5 ஆர்மெல் வகையைச் சேர்ந்தது.

நினைவகம் 256 மெகாபைட்டே என்பதால் ஒரே நேரத்தில் பல கோப்புகளைத் தொகுக்கச் சொல்வதில் பயனில்லை. செயலியிலும் ஒரே கருதான் உள்ளது. நீண்ட தொகுப்பின்போது மின்னேற்றியை இணைத்து வைப்பது நல்லது. எஸ்எஸ்எச் வழியாக மேசைக் கணினியின் விசைப்பலகையிலிருந்தே கட்டளைகளை இடலாம்.

டெபியன் 6 க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. ஆதலால் அதைத் தொகுப்பதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். அதிலுள்ள பழைய உலாவியில் இணையம் பார்ப்பது ஏற்றதன்று.

இன்றைய நிலை

டெவுவானை அடிப்படையாகக் கொண்ட மேமோ லெஸ்டே, ஆல்பைனை அடிப்படையாகக் கொண்ட போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் ஆகிய சமூகத் திட்டங்கள் என்900 கருவிக்குப் புதிய கருனியையும் புதிய நிரலகங்களையும் கொண்டுவந்துள்ளன. இவற்றை நிறுவியவர்கள் தொகுப்பியைப் பொதி மேலாளர் வழியாக நேரடியாகப் பெறலாம். மேமோ 5 தளத்திலேயே இருக்க விரும்புவோருக்குப் படிம முறை இன்றும் பயன்படும். கருவியின் செயலி வகை, கருனிப் பதிப்பு, சி நிரலகப் பதிப்பு ஆகிய மூன்றையும் முதலில் அறிந்துகொண்டால், பிற கையடக்க லினக்ஸ் கணினிகளுக்கும் இம்முறையைப் பொருத்திக்கொள்ளலாம்.