சயாமுக்குப் போனவர்களுக்கு எங்கே விளக்கேற்றுவது?

இரண்டாம் உலகப் போர் முடிந்த நாளை நினைத்து அயல்நாட்டுக்குப் பயணம் போகிறவர்கள் பலர். தாய்லாந்தின் காஞ்சனபுரிக்கு ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி பிரிட்டனிலிருந்தும் நெதர்லாந்திலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. 1945-இல் ஜப்பான் சரணடைந்த நாள் அது. தங்கள் போர்வீரர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலியர்கள் 'ஹெல்ஃபயர் பாஸ்' பாறைப் பிளவுக்குள் இருட்டில் கூடி நிற்கிறார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் உளியும் சம்மட்டியும் கொண்டு குடைந்த பாறை அது.

அந்தப் பாறை வழியே போன சயாம் - பர்மா ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். ஜப்பானியர் 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். அந்த வேகத்துக்கு விலையாக, வேலை செய்த சுமார் 60,000 போர்க் கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்கள்.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் உறங்குகிறார்கள். வரிசை வரிசையாகத் தாழ்வான கற்கள். ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகட்டில் பெயர், படைப்பிரிவு, தேதி, வயது. பலவற்றின் அடியில் வீட்டார் எழுதித் தந்த ஒரு வரி. அங்கே இரண்டு குழிகளில் மட்டும் 300 பேரின் சாம்பல் ஒன்றாகக் கிடக்கிறது. 1943 மே, ஜூன் மாதங்களில் நீக்கே முகாமில் காலராவில் இறந்து எரிக்கப்பட்டவர்கள். யாருடைய சாம்பல் எது என்று பிரிக்க முடியாது. ஆனாலும் 300 பெயர்களையும் மண்டபத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பேரன் வந்தால் விரலால் தடவிப் பார்க்க ஓர் எழுத்தாவது இருக்கிறது.

இது தற்செயலாக அமைந்துவிடவில்லை. கைதிகளிடையே அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எங்கே புதைக்கப்பட்டார் என்பதைக் காவலர் கண்ணில் படாமல் எழுதி மறைத்து வைத்தார்கள். போர் முடிந்த அடுத்த மாதமே ஒரு சிறு குழு பாதை நெடுகத் தேடிப் புறப்பட்டது. 144 இடங்களில் 10,549 குழிகள். 52 தவிர மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே காலரா தமிழர்களின் கொட்டகைகளிலும் புகுந்தது. அங்கே பெரும்பாலும் வைத்தியர் இல்லை, ஏடு இல்லை, எண்ணி வைக்க ஆள் இல்லை. ரப்பர் ஏற்றுமதி நின்று வேலையிழந்து கிடந்த தோட்டங்களில், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சில மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டி ஜப்பானியர் ஆள் பிடித்தார்கள். ஆசைக்கு மசியாதவர்களை இலவசப் படம் காட்டுவதாக அழைத்து, கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதை மலேசியத் தோட்டங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. லயத்துக் கணக்கில் 'சயாமுக்குப் போனவர்' என்று ஆனதோடு பலர் கதை முடிந்தது. வராத கணவனுக்காகத் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே கிழவியானவர்கள் உண்டு.

உலகத்துக்கு இந்தப் பாதையை அறிமுகம் செய்தது 1957-இல் வந்த டேவிட் லீனின் படம். இலங்கையின் கித்துள்கலையில் எடுத்த அந்தப் படத்தின் கதை பிரிட்டிஷ் கைதிகளுடையது. தோட்டத் தமிழர்கள் அதில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்களே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டையும் படிக்காமல் காஞ்சனபுரிக்குப் போவது பாதிப் பயணம்தான் என்பேன்.

போகிறவர்கள் அந்தப் படத்தால் பெயர் பெற்ற குவாய் பாலத்தில் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். பக்கத்திலேயே 1944-இல் ஜப்பானியப் படை எழுப்பிய நினைவுத்தூண் நிற்கிறது. அதன் வாசகம் பல மொழிகளில். அவற்றில் தமிழும் ஒன்று. சாகடித்தவர்களே எழுதி வைத்த அஞ்சலி அது. படிக்கும்போது வயிறு எரியும். ஆயினும் தமிழர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கு அது கல்லில் உள்ள சாட்சி. 1990-இல் காஞ்சனபுரியில் மண்ணைத் தோண்டியபோது ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் குவியலாக வெளிப்பட்டன. சில ஆண்டுகளுக்கு முன் வாட் தாவோர்ன் புத்தர் கோயில் வளாகத்தில் தமிழர்கள் ஒரு நடுகல் நிறுத்தியிருக்கிறார்கள். மாலை போட, சூடம் ஏற்ற ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நடுகல் நட்டாகிவிட்டது, அதில் பொறிக்கப் பெயர்கள் வேண்டும். திரும்பி வந்தவர்களில் அநேகமாக எவரும் இன்று உயிரோடு இல்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் எண்பதைத் தாண்டி இருக்கிறார்கள். எந்தத் தோட்டம், யார் மகன், யாரோடு போனார் என்று அவர்களால் சொல்ல முடியும். பழைய தோட்டப் பதிவேடுகளில் மிஞ்சியவற்றை அதோடு ஒப்பிட்டால் முழுப் பட்டியல் வராவிட்டாலும் சில ஆயிரம் பெயர்களாவது தேறும். மலேசிய அரசும் தமிழ்நாடு அரசும் சேர்ந்து இந்த வேலைக்கு ஆளையும் பணத்தையும் ஒதுக்க வேண்டும், அந்தப் பிள்ளைகள் இருக்கும்போதே.