மணப்பாறை மாடு தெரியும், "மாட்" தெரியுமா? கம்ப்யூட்டருக்குள் பாதியில் நிற்கும் பஸ்கள்!

வையம்பட்டி:-

மணப்பாறை மாட்டைத் தெரியாதவர் கிடையாது. மணப்பாறை முறுக்கும் அப்படித்தான். இப்போது புதிதாக இன்னொரு "மாட்" வந்திருக்கிறது. இதற்குக் கொம்பு இல்லை. வைக்கோல் வேண்டாம். கரண்ட் இருந்தால் போதும். ஆனால் இதைக் கட்டி மேய்ப்பது, நிஜ மாட்டை மேய்ப்பதைவிடக் கஷ்டம்!

அது என்ன "மாட்"?

ரெடிமேடு சட்டை வாங்குகிறோம். கை நீளமாக இருக்கிறது. தையல்காரரிடம் கொடுத்து ஆல்டர் செய்து கொள்கிறோம் அல்லவா? அதேபோல, ஒரு கம்பெனி செய்து விற்ற வீடியோ கேமில், விளையாடுகிறவரே ஒரு புது வண்டியையோ, புது ரோட்டையோ செய்து உள்ளே சேர்ப்பதுதான் மாட். 1993-ல் வந்த "டூம்" என்ற கேமிலேயே இதற்குக் கதவு திறந்து விட்டார்கள்.

தமிழ்நாட்டுப் பையன்களுக்குப் பிரியமானது பஸ் மாட். இந்தோனேசியாவைச் சேர்ந்த மலேயோ என்ற கம்பெனி 2017-ல் "பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா" என்ற கேமை வெளியிட்டது. செல்போனிலேயே பஸ் ஓட்டலாம். பஸ்ஸுக்கு நமக்குப் பிடித்த பெயிண்டை நாமே அடிக்கலாம். பிறகு, சொந்தமாக ஒரு வண்டியையே செய்து உள்ளே விடவும் வழி செய்தார்கள். அவ்வளவுதான்! கேரளத்து டூரிஸ்டு பஸ்களும், நம் அரசு பஸ்களும் இந்தோனேசியா ரோட்டில் ஓட ஆரம்பித்துவிட்டன.

அப்பா கேட்கும் கேள்வி

வையம்பட்டி, திருச்சி - திண்டுக்கல் மெயின் ரோட்டில் இருக்கும் ஊர். இரவு பகல் என்று பாராமல் பஸ் போகும். அங்கே ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக் கொள்வோம். கல்லூரியில் படிக்கிறான். ஆரன் சத்தத்தைக் கேட்டே எந்த பஸ் என்று சொல்லிவிடுவான். இப்படிப்பட்ட பையன்கள் எல்லா மெயின் ரோட்டு ஊரிலும் உண்டு. அவன் மாட் செய்ய உட்காருகிறான்.

"ஏம்ப்பா, எத்தனை மாசமா இந்த பஸ்ஸைக் கட்டுறே? என்னைக்குத்தான் ரோட்டுக்கு வரும்?" என்று அப்பா கேட்பார்.

"முடியப்போவுதுப்பா" என்பான் பையன்.

முடியாது. ஏன்? அவன் கம்ப்யூட்டரில் ஒரு பஸ் இல்லை. 10 பஸ் இருக்கிறது. பத்தும் பாதி!

முதலில் திருச்சி கோட்டத்து பஸ் ஒன்றை ஆரம்பித்தான். டயர் வரை வந்தபோது, பழைய தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழக பஸ் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. (1997-ல் அந்தப் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயராக ஆக்கினார்கள். அந்தக் காலத்து பஸ் என்றால் பையன்களுக்கு இப்போதும் உயிர். அவர்களில் பலர் அப்போது பிறக்கவே இல்லை என்பது வேறு விஷயம்!) அதை ஆரம்பித்தான். பிறகு சோழன். பிறகு திருவள்ளுவர். பிறகு ஏ.சி. ஸ்லீப்பர்.

ஒரு கணக்கு

ஒரு பஸ்ஸை ஒழுங்காகச் செய்ய 60 மணி நேரம் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். தினம் சாயந்திரம் 1 மணி நேரம் உட்காருகிறான். பரீட்சை, திருவிழா, கரண்ட் கட் எல்லாம் போக வருடத்துக்கு 300 நாள். ஆக 300 மணி நேரம்.

ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் 5 பஸ் ரோட்டுக்கு வரும். பத்தையும் பாதிப் பாதி செய்தால்? அதற்கும் அதே 300 மணி நேரம்தான். ரோட்டுக்கு வந்தது பூஜ்யம்!

உழைப்பு ஒன்றுதான். கரண்ட் பில் ஒன்றுதான். அப்பாவிடம் வாங்கிய திட்டும் ஒன்றுதான். ஆனால் ஒருவன் கையில் 5 பஸ். இன்னொருவன் கையில் ஒன்றுமில்லை. நாளைக்கு ஒரு வேலைக்குப் போய், "இது நான் செய்தது" என்று காட்டுவதற்குக் கூட ஒரு வண்டி இல்லை.

கரூரில் பார்க்கலாம்

வையம்பட்டியில் இருந்து கரூருக்கு ரோடு பிரிகிறது. பஸ்ஸுக்குக் கூடு கட்டும் தொழிலில் கரூருக்குப் பெரிய பெயர். அங்கே எப்படிச் செய்கிறார்கள்?

சேஸிஸ் மட்டும் வந்து நிற்கும். டிரைவர் உட்காரும் இடத்தில் கூரை கூட இருக்காது. முதலில் இரும்புக் கூடு. கூடு நின்ற பிறகு தகடு. தரை, ஜன்னல், ஒயரிங், பெயிண்ட், சீட், கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வரும். கூடு நிற்காத பஸ்ஸுக்கு யாராவது பெயிண்ட் அடிப்பார்களா? அடிக்க மாட்டார்கள். இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு வண்டி பாதியில் நின்றால் முதலாளிக்கு நஷ்டம். ஆகவே உள்ளே வந்த வண்டி வெளியே போயாக வேண்டும்.

கம்ப்யூட்டரில் இடத்துக்குப் பஞ்சம் இல்லை. அதுதான் வினை! 10 வண்டியையும் நிறுத்தி வைக்கலாம். யாரும் வாடகை கேட்பதில்லை.

பையன் என்ன செய்கிறான்? கூடு முடியும் முன்பே, முன் கண்ணாடியில் சாமி படம் ஒட்டுகிறான். டிரைவர் பக்கத்தில் ஊதுபத்தி ஸ்டாண்டு வைக்கிறான். அதுவே ஒரு வாரம்! பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் பின் டயர் ஒன்று தரைக்கு மேலே தொங்கிக்கொண்டு இருக்கும்.

அளவை முதலிலேயே எடுக்க வேண்டும். "வைக்கிங் 222" என்று பஸ் பிரியர்கள் சொல்வார்கள். அசோக் லேலண்டு சேஸிஸ். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 222 அங்குலம். அதாவது சுமார் 5.64 மீட்டர். உடம்பு செய்வதற்கு "பிளண்டர்" என்ற சாப்ட்வேரைப் பயன்படுத்துகிறார்கள். இது இனாம். (2002-ல் உலகம் பூராவும் நன்கொடை திரட்டி 1 லட்சம் யூரோ கொடுத்து இதைப் பொதுச் சொத்தாக மீட்டார்கள்.) அதில் வேலையைத் தொடங்கும்போதே இந்த 5.64-ஐப் போட்டு இரண்டு அச்சையும் வைத்துவிட்டால், பிறகு ஜன்னல் எண்ணிக்கை தானாகச் சரியாக வரும். கண் மதிப்பில் போட்டால், கடைசியில் பஸ் மினி பஸ் ஆகிவிடும். மறுபடியும் முதலில் இருந்து!

40 பக்க நோட்டு

இதற்கு மருந்து பெரிய சாப்ட்வேர் அல்ல. ஒரு 40 பக்க நோட்டு போதும்.

முதல் பக்கத்தில் ஒரே ஒரு பஸ்ஸின் பெயர். அதற்குக் கீழே, எது எது இருந்தால் இந்த பஸ் "முடிந்தது" என்று சொல்லலாம்? உடம்பு, 6 டயர், இரண்டு பக்கக் கதவு, லைட், பெயிண்ட், ஆரன். அவ்வளவுதான். ஊதுபத்தி ஸ்டாண்டு அதில் இல்லை.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு பட்டியல். திடீர் திடீர் என்று வரும் யோசனை எல்லாம் அங்கே போக வேண்டும். தீரன் சின்னமலை பஸ் ஞாபகம் வந்ததா? கடைசிப் பக்கம். மழை வந்தால் வைப்பர் ஆட வேண்டுமா? கடைசிப் பக்கம். யோசனையை விரட்டினால் அது திரும்பத் திரும்ப வரும். எழுதி வைத்துவிட்டால் சும்மா இருக்கும்.

எழுந்திருக்கும்போது ஒரு வரி எழுத வேண்டும். "நாளைக்கு: இடது பின் டயர்." இவ்வளவு போதும். மறுநாள் உட்கார்ந்ததும், எங்கே விட்டோம் என்று தேடி அரை மணி நேரத்தைத் தொலைக்க வேண்டியது இல்லை. கடைக்காரர்கள் கடை சாத்தும் முன் சரக்கு நோட்டில் எழுதுவது போலத்தான்.

"கடைசி", "கடைசியோ கடைசி"

இன்னொரு கூத்து, கம்ப்யூட்டரில் பெயர் வைப்பது. "பஸ் கடைசி". "பஸ் புதுக் கடைசி". "பஸ் கடைசியோ கடைசி 2". எது நல்ல பிரதி என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்! ஒருநாள் பழையதைத் திறந்து வேலை பார்த்து, புதியதன் மேலேயே சேமித்துவிடுவார்கள். இரண்டு வார வேலை குளோஸ்!

பெயருக்கு முன்னால் தேதியைப் போட வேண்டும். அதுவும் வருஷம், மாசம், நாள் என்ற வரிசையில். அப்படிப் போட்டால் கம்ப்யூட்டரே வரிசையாக அடுக்கிவிடும். நாளை முதலில் போட்டால் ஜனவரியும் டிசம்பரும் கலந்துவிடும். பிளண்டர் சாதாரணமாக 2 நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகவே ஒரு நகல் எடுக்கும். யு.பி.எஸ். இல்லாத வீட்டில் இது பெரிய புண்ணியம். ஆனால் அது தற்காலிக நகல். அதை நம்பி ஹார்டு டிஸ்க் ஒன்றே போதும் என்று இருக்கக் கூடாது. வாரம் ஒரு தடவை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, வேறு அறையில் வைப்பது நல்லது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. மாட் உலகத்தில் திருட்டு அதிகம். ஒருவர் செய்த பஸ்ஸை இன்னொருவர் பெயர் மாற்றி வெளியிடுவார். "இது என் பஸ்" என்று சண்டை வந்தால், தேதி போட்ட பிரதிகள்தான் சாட்சி. அதேபோல அடுத்தவர் செய்த டயரை வாங்கிப் போட்டிருந்தால், யாருடையது, அவர் சம்மதித்தாரா என்பதையும் அன்றைக்கே நோட்டில் எழுதிவிட வேண்டும். 6 மாதம் கழித்து ஞாபகம் இருக்காது.

சோதனை என்ற பெயரில்...

கவனம் சிதறுவதற்கு முக்கியக் காரணம் எது? செல்போன் என்பார்கள். அதுவும்தான். ஆனால் பெரிய திருடன் கேமே!

"டயர் சுத்துதான்னு மட்டும் பாத்துடறேன்" என்று கேமைத் திறப்பான் பையன். டயர் சுற்றும். அதோடு அவனும் சுற்றுவான். 2 மணி நேரம் ஓட்டி, பயணிகளை இறக்கி, டீசல் போட்டு... எதற்குத் திறந்தோம் என்பதே மறந்துவிடும்.

திறக்கும் முன்பே "எதைப் பார்க்கப் போகிறேன்" என்று எழுதிக்கொள்ள வேண்டும். பார்த்ததும் மூட வேண்டும். ஒரு திருப்பம், ஒரு மேடு, ஒரு தடவை ரிவர்ஸ். சோதனைக்கு இதுவே போதும்.

1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலி மாணவர், படிப்பில் மனம் நிற்காமல் தவித்தார். சமையலறையில் தக்காளி வடிவத்தில் இருந்த கடிகாரத்தை எடுத்து வைத்துக் கொண்டார். அது அடிக்கும்வரை ஒரே வேலை. பிறகு சிறிது ஓய்வு. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்று அது பிரபலமாகிவிட்டது. தக்காளிக்கு இத்தாலி மொழியில் "பொமோடோரோ". அந்த முறைக்கும் அதே பெயர். நம் வீட்டில் தக்காளிக் கடிகாரம் இல்லாவிட்டால் என்ன, 25 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, செல்போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டால் போயிற்று!

15 வருஷ மாட்!

வெளிநாட்டில் மட்டும் இந்தத் தொல்லை இல்லையா? உண்டு. "பிளாக் மெசா" கதையைக் கேளுங்கள்.

"ஹாஃப் லைஃப்" என்பது 1998-ல் வந்த கேம். அதைப் புதுசு போல மறுபடியும் செய்வோம் என்று ரசிகர்கள் கிளம்பினார்கள். 2005-ல் இரண்டு கோஷ்டிகள் ஒன்று சேர்ந்தன. எல்லோரும் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தவர்கள். வருஷம் ஓடியது. "வரும், வரும்" என்றார்கள். வரவில்லை. ஜனங்கள் கேலி செய்தார்கள்.

கடைசியில் ஒரு முடிவு எடுத்தார்கள். கதையின் இறுதியில் "ஜென்" என்ற வேற்றுலகம் வரும். அதுதான் கஷ்டமான பகுதி. அதைத் தள்ளி வைத்தார்கள். மீதியை 2012 செப்டம்பரில் இனாமாக வெளியிட்டார்கள். ஓகோ என்று ஓடியது! அந்தத் தெம்பில் 2015-ல், ஒரிஜினல் கம்பெனியான வால்வ் சம்மதத்தோடு விலைக்கே விற்றார்கள். தள்ளி வைத்த பகுதியையும் முடித்து, 2020 மார்ச்சில் முழுசாக வெளியிட்டார்கள். 2012-ல் அந்த முடிவை எடுக்காமல் இருந்திருந்தால்? ஒருவேளை இன்றைக்கும் "வரும், வரும்" என்று சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்கள்.

நேர்மாறான ஆளும் உண்டு. கனடாவில் படித்துக் கொண்டிருந்த மின் லே என்ற மாணவரும், ஜெஸ் கிளிஃப் என்பவரும் 1999-ல் அதே ஹாஃப் லைஃபுக்கு ஒரு மாட் செய்தார்கள். முழுசாக முடியும்வரை காத்திருக்கவில்லை. சின்னதாக வெளியிட்டார்கள். குறை கேட்டார்கள். திருத்தி மறுபடியும் வெளியிட்டார்கள். மறு வருஷமே வால்வ் கம்பெனி அதை வாங்கிக் கொண்டது. அதுதான் "கவுண்டர் ஸ்டிரைக்"!

நடுவில் காலை வாரிவிடும் இன்னொரு விஷயம், கேம் கம்பெனி செய்யும் மாற்றம். "ஃபால்அவுட் லண்டன்" என்ற பெரிய மாட் 2024 ஏப்ரல் 23-ல் வருவதாக இருந்தது. ஏப்ரல் 25-ல் ஒரிஜினல் கேமையே புதுப்பிக்கிறோம் என்று கம்பெனி அறிவித்தது. அஸ்திவாரமே மாறினால் வீடு என்ன ஆகும்? தள்ளி வைத்து, ஜூலை 25-ல்தான் வெளியிட முடிந்தது. அவர்களாவது கூட்டமாக இருந்தார்கள். தனி ஆள் என்றால் கேமின் எந்தப் பதிப்புக்குச் செய்கிறோம் என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். வேலை முடியும்வரை புதுப் பதிப்பை ஏற்றாமல் இருப்பது உத்தமம்.

பெயிண்டில் இருந்து தொடங்கலாம்

இப்போதுதான் ஆரம்பிக்கிறவர் முழு பஸ்ஸைத் தொடவே வேண்டாம். கேமில் ஏற்கனவே இருக்கும் பஸ்ஸுக்குப் பெயிண்ட் மட்டும் செய்யலாம். ஒரே ஒரு படம். இரண்டு மூன்று சாயந்திரத்தில் முடிந்துவிடும். முடித்து, வெளியிட்டு, நாலு பேர் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள் என்றால், அந்த ருசி அடுத்த வேலையை இழுத்துக்கொண்டு போகும்.

வையம்பட்டிப் பையனும் அப்படி ஒரு பஸ்ஸை முடித்து வெளியே விட்டான் என்றே வைத்துக் கொள்வோம். பாராட்டு வரும். அதோடு நம் ஊர் பஸ் பிரியர்கள் சும்மா விடுவார்களா?

"தம்பி, வண்டி சூப்பர். ஆனா நம்பர் பிளேட் தப்பு. திருச்சி கவர்மெண்ட் வண்டின்னா டி.என். 45-க்கு அப்புறம் 'என்' வரணும்."

நோட்டைத் திறந்து, புதுப் பக்கத்தில் "பதிப்பு 1.1" என்று தலைப்புப் போட்டு, முதல் வரியாக அதை எழுதிக்கொள்வான் பையன்.