கறிக்கடையில் எந்த முத்திரையை நம்பலாம்?

மும்பையில் மாட்டுக்கறி வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தாராவியானாலும் செம்பூரானாலும், ‘படே கா’ (பெரிய விலங்கினுடையது) என்று கேட்டு வாங்கும் கறி எருமையுடையதாக இருக்க வேண்டும் என்பதே இங்குள்ள சட்டம். மகாராஷ்டிரத்தில் பசுவை அறுக்க 1976-ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டது. 1995-இல் நிறைவேறிய திருத்தம் 2015-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றபோது காளையும் எருதும் அந்தத் தடைக்குள் வந்தன. மீறினால் ஐந்தாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் தொழிலை வளர்த்த குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் உணவோடு பிழைப்பையும் தொட்ட விஷயம். வெளிமாநிலத்தில் முறைப்படி அறுத்த கறியை வைத்திருப்பதையே குற்றமாக்கிய பிரிவை 2016 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் நீக்கியது.

எருமைக்கறியைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். நிறம் கருஞ்சிவப்பாகவும் கொழுப்பு வெள்ளையாகவும் இருக்கும். பசு, தீவனத்தில் உள்ள கரோட்டினில் ஒரு பங்கைக் கொழுப்பில் சேர்த்துவைப்பதால் அதன் கொழுப்பில் மஞ்சள் சாயல் ஏறும். எருமை அந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ-ஆக மாற்றிவிடுகிறது. எருமைப்பால் பளிச்சென்று வெளுத்திருப்பதும் இதனால்தான். ஆனால் கண் பார்வை சாட்சியாகாது. சந்தேகம் வந்தால் கறியிலுள்ள மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வைச் சோதித்துத்தான் எந்த விலங்கு என்று உறுதி செய்கிறார்கள். ஐதராபாத்தில் உள்ள மத்திய அரசின் இறைச்சி ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய சோதனைகளில் கைதேர்ந்தது.

இனி முத்திரைகளுக்கு வருவோம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்கிறது. ஒன்றின் விடையை இன்னொன்றில் தேடினால் ஏமாந்துபோவோம்.

உடல்நலத்துக்கு முக்கியமானது கால்நடை மருத்துவரின் முத்திரை. செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் மாநகராட்சி நடத்தும் அறுப்புக்கூடம் 1971 முதல் இயங்கிவருகிறது. இத்தகைய கூடங்களில் விலங்கை அறுப்பதற்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும் மருத்துவர் பார்க்க வேண்டும். காய்ச்சல், தள்ளாட்டம் போன்றவை உயிரோடிருக்கும்போதுதான் தெரியும். காசநோய்க் கட்டிகளும் ஈரல் புழுக்களும் உடலைத் திறந்த பிறகுதான் கண்ணில் படும். அதனால்தான் இரண்டு சோதனைகள். ஒரு மருத்துவர் ஒரு மணி நேரத்தில் 12 விலங்குகளுக்கு மேலும், ஒரு நாளில் 96-க்கு மேலும் பார்க்கக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டு அறுப்புக்கூட விதிகள் வரையறுக்கின்றன. அவசரத்தில் நோய் தப்பிவிடக் கூடாது என்பதே காரணம். தேறிய உடலில்தான் முத்திரை விழும். கடையில் துண்டு போட்டபின் அது நம் கைக்கு வராது. ஆகவே முழுத் தொடையோ விலாவோ தொங்கும்போதே பார்க்க வேண்டும்.

அடுத்தது, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் எண். கடைச் சுவரிலும் பாக்கெட்டிலும் 14 இலக்கங்களில் இருக்கும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வணிகருக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தையும், அதற்கடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அந்த எண்ணை ஆணையத்தின் ‘ஃபாஸ்கோஸ்’ இணையதளத்தில் தட்டினால் யார் பெயரில் உள்ளது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது தெரிந்துவிடும். வணிகர் பதிவு பெற்றவர் என்பதற்கு அது சான்று. இன்றைய கறி நல்லது என்பதற்கு அதுவே சான்றாகாது.

பழுப்புச் சதுரத்துக்குள் இருக்கும் பழுப்பு முக்கோணம் அசைவம் என்று மட்டுமே சொல்லும். கோழிக்கும் அதே குறிதான். எந்த விலங்கு என்பதைப் பொருளின் பெயரிலும் சேர்மானப் பட்டியலிலும்தான் படிக்க வேண்டும்.

ஹலால் முத்திரை, இஸ்லாமிய முறைப்படி அறுத்தது என்பதைச் சொல்கிறது. நம்பிக்கையுள்ளவருக்கு அது இன்றியமையாதது. ஆனால் கறி எவ்வளவு நாள் பழையது, எந்தக் குளிரில் இருந்தது என்பதை அது சொல்லாது.

வெளிநாட்டுத் தர முத்திரைகளையும் பார்ப்போம். அமெரிக்காவில் ‘பிரைம்’, ‘சாய்ஸ்’, ‘செலக்ட்’ என்று அரசே தரம் பிரிக்கிறது. தசைக்குள் கொழுப்பு எவ்வளவு இழையோடுகிறது என்பதே முக்கிய அளவுகோல். சுவைக்கும் மென்மைக்குமான அளவு அது. ‘புல் மேய்ந்தது’ என்ற குறிக்குத் தான் வகுத்திருந்த தரவரையறையை அந்நாட்டு வேளாண் துறையே 2016-இல் விலக்கிக்கொண்டது. நம் நாட்டில் மாட்டிறைச்சி இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. ஆகவே இங்கே யாரேனும் வெளிநாட்டு மாட்டிறைச்சி என்று கூடுதல் விலை சொன்னால் நம்ப வேண்டாம்.

பாக்கெட்டில் வாங்கினால் அடைத்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, எடை ஆகியவற்றைப் பாருங்கள். உறைந்த கறிக்கு மைனஸ் 18 டிகிரி, குளிரூட்டிய கறிக்கு 4 டிகிரிக்குள் என்பது கணக்கு. பாக்கெட்டுக்குள் பெரிய பனிக்கட்டிகள் தெரிந்தால் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கக்கூடும், வேறொன்றைக் கேளுங்கள்.

ஏழைகளுக்குக் கைக்கெட்டும் விலையில் புரதமும் இரும்புச்சத்தும் தரும் உணவு மாட்டுக்கறி. மலிவாக வாங்குகிறவருக்கும் நோயற்ற கறி கிடைக்க வேண்டும். அது அவர்களுடைய உரிமை. எங்கே அறுத்தது, டாக்டர் முத்திரை எங்கே என்று கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். முறையாக வியாபாரம் செய்கிறவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.