கதவைத் தாங்கும் நைட்ரஜன்

ஆடி மாதத்தில் உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறந்து பாருங்கள். அம்மியையே நகர்த்தும் என்று பெயரெடுத்த காற்று கதவை மட்டும் விட்டுவைக்குமா? மகிந்திரா தார், பொலேரோ, ஃபோர்ஸ் கூர்க்கா, மாருதி ஜிம்னி ஆகிய வண்டிகளில் ஸ்டெப்னி பின்கதவின் முதுகில்தான் தொங்குகிறது. கதவும் சக்கரமும் சேர்ந்த அந்தப் பாரம் வீசியடித்து மூடும்போது இடையில் கை இருந்தால் விரல் நசுங்கும். சாமான் இறக்குகிறவர் ஒரு தோளால் கதவுக்கு முட்டுக் கொடுத்தபடியே மூட்டையை இழுப்பது நம் ஊர்ச் சந்தைகளில் அன்றாடக் காட்சி. அந்தத் தோளின் வேலையை ஏற்றுக்கொள்ளும் பொருள்தான் கேஸ் ஸ்ட்ரட். பட்டறையில் ‘டிக்கி ஷாக்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

பார்ப்பதற்கு ஒரு கறுப்புக் குழாய், அதிலிருந்து நீளும் பளபளப்பான தண்டு, இரண்டு நுனியிலும் குண்டு மாட்டும் குழி. அவ்வளவுதான். குழாய்க்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன் இருக்கிறது, கூடவே சில மில்லி எண்ணெய். வாய் அடைத்த சைக்கிள் பம்பை அழுத்தினால் அது திருப்பித் தள்ளுமே, அதைப் போலத்தான் இதுவும் என்று தோன்றும். உண்மையில் இதன் சூட்சுமம் வேறு. பம்பின் பிஸ்டன் காற்றை ஒரு பக்கமாக அடைக்கிறது. ஸ்ட்ரட்டின் பிஸ்டனிலோ சிறு துளை உண்டு. வாயு இரண்டு பக்கமும் போய்வருவதால் அழுத்தமும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பிறகு எது தள்ளுகிறது? பிஸ்டனின் ஒரு முகம் முழுவதும் வாயுவுக்குத் திறந்திருக்கிறது. மறுமுகத்தில் தண்டு பொருந்தியிருப்பதால் அந்த அளவு பரப்பு குறைகிறது. அந்த வித்தியாசம்தான், அதாவது தண்டின் குறுக்குப் பரப்புதான், தள்ளுவிசையைத் தீர்மானிக்கிறது.

8 மில்லிமீட்டர் தண்டின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 50 சதுர மில்லிமீட்டர். அது 400 நியூட்டன் விசையோடு, அதாவது சுமார் 40 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ள வேண்டுமென்றால் உள்ளே 80 பார் அழுத்தம் இருக்க வேண்டும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். டயரைப் போல சுமார் நாற்பது மடங்கு அழுத்தம் ஒரு கைப்பிடிக் குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் கசியாமல் நிற்கிறது. அதைக் காப்பது தண்டைச் சுற்றியுள்ள ஒரு ரப்பர் சீல். இந்த வேலைப்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை. 1934இல் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் தொடங்கிய ஸ்டாபிலஸ் நிறுவனம் 1960களில் இதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. இன்று அலுவலக நாற்காலியிலும் ஸ்டோரேஜ் கட்டிலிலும் இருப்பது இதே குடும்பம்தான்.

இனி வண்டிக்கு வருவோம். 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் ஊர் என்பதால் மதுரைக்கு மோட்டார் வேலை புதிதல்ல. புதூரிலோ கப்பலூரிலோ ஒரு பிராக்கெட் வளைத்து வாங்குவது பெரிய காரியமில்லை. கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. கதவு நிற்கவில்லை என்றதும் எல்லோரும் கேட்பது, “இதைவிட ஸ்ட்ராங்கா இருக்கா?” என்றுதான். கேட்க வேண்டியது அதுவல்ல, எங்கே மாட்டுவது என்பது.

ஒரு கணக்குப் போடுவோம். ஸ்டெப்னியோடு கதவு 45 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதன் எடைமையம் கீலிலிருந்து 40 சென்டிமீட்டர். ஒரு பக்கச் சக்கரங்கள் வரப்பில் ஏறி வண்டி 10 டிகிரி சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வில் எடையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக, 8 கிலோ அளவுள்ள விசை கதவை மூடப் பார்க்கும். எட்டை நாற்பதால் பெருக்கினால் 320. ஸ்ட்ரட் தள்ளும் கோட்டுக்கும் கீலுக்கும் செங்குத்துத் தூரம் 8 சென்டிமீட்டர் என்றால் 40 கிலோ, அதாவது 400 நியூட்டன் ஸ்ட்ரட் அந்தச் சாய்வைச் சமன்செய்யும். அதே பிராக்கெட்டைக் கீலை ஒட்டி 4 சென்டிமீட்டரில் அடித்துவிட்டால் 80 கிலோ தேவைப்படும். அந்த 80 கிலோவும் இரவு பகலாகக் கீலையும் மெல்லிய தகட்டையும் நெம்பிக்கொண்டே இருக்கும். கதவு தொய்ந்து லாக் பொருந்தாமல் போவதற்கு அது போதும்.

ஹார்ட்டாப் தாரில் கீழ்க்கதவு பக்கவாட்டில் திறக்க, கண்ணாடி மேல்நோக்கித் திறக்கிறது. மேலே தூக்கும் கதவுக்கு முழு எடையும் கணக்கில் வரும் என்பதுதான் வித்தியாசம். அங்கே இரண்டு பக்கமும் ஒரே அளவு ஸ்ட்ரட் வேண்டும். ஒன்று பழுதானால் இரண்டையும் மாற்றுங்கள், இல்லையென்றால் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும்.

குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் நியூட்டன் அளவு 20 டிகிரி வெப்பத்தில் எடுத்தது. இதை நம் ஊர்க்காரர் மறக்கக் கூடாது. அடைபட்ட வாயு சூடானால் அழுத்தம் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். கத்திரி வெயிலில் நின்ற வண்டியில் ஸ்ட்ரட் 60 டிகிரிக்குச் சூடேறினால் 400 நியூட்டன் 455 ஆகிவிடும். அதே வண்டி மலையேறி, மார்கழி இரவில் 5 டிகிரிக் குளிரில் கொடைக்கானலில் நின்றால் 380தான். மதுரையில் கிண்ணென்று நின்ற கதவு மலையில் மெல்லச் சாய்ந்தால் வாயு ஏற்கெனவே கொஞ்சம் போயிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். பகல் வெயிலில் மட்டும் சோதித்து வாங்காதீர்கள். விடியற்காலையில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மாட்டுவதற்கு முன் ஸ்ட்ரட்டின் விரிந்த நீளத்துக்கும் சுருங்கிய நீளத்துக்கும் ஒவ்வொரு மரச்சட்டம் வெட்டி, கதவைத் திறந்தும் மூடியும் இரண்டு குண்டுகளின் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கதவு மூடியிருக்கும்போது தண்டு முழுவதும் உள்ளே போய் முட்டக் கூடாது. 5 முதல் 10 மில்லிமீட்டர் மிச்சம் வேண்டும். டிரில் போடுமுன் உள்பலகையைக் கழற்றிப் பாருங்கள், வைப்பர் வயரும் நம்பர் பிளேட் விளக்கின் வயரும் அங்கேதான் ஓடும். தகடு மெல்லியது என்பதால் பின்னால் ஒரு இரும்புப் பட்டை வைத்து போல்ட் போடுவதே நல்லது. துளையின் விளிம்பில் பிரைமர் தடவாவிட்டால் அடுத்த ஐப்பசி மழையில் துரு பிடிக்கும். ஸ்ட்ரட் பக்கத்தில் இருக்கும்போது வெல்டிங் வேண்டவே வேண்டாம். ஒரு பொறி தண்டில் விழுந்து புள்ளி விழுந்தால், அந்தப் புள்ளி போகவர சீலைக் கிழிக்கும். தண்டை பிளையரால் பிடிப்பதும் அதே கேடுதான். முடிந்தவரை தண்டு கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். எண்ணெய் இறங்கி சீலை நனைத்துவைக்கும். பக்கவாட்டுக் கதவில் ஸ்ட்ரட் படுத்தே இருக்குமென்றாலும் தண்டு நுனியை ஒரு விரல் தாழ்த்தி வைக்க இடம் கிடைக்கும்.

கதவோடு வந்த பழைய தடுப்புப் பட்டையைக் கழற்றிவிடாதீர்கள். காற்று கதவைப் பிடுங்கித் திறக்கும்போது அந்த வேகத்தை நிறுத்த வேண்டியது அந்தப் பட்டை. ஸ்ட்ரட்டே அதையும் தாங்கினால் ஒருநாள் குண்டு பிய்த்துக்கொண்டு வரும்.

தளர்ந்துபோன ஸ்ட்ரட்டுக்குள்ளும் பல பார் அழுத்தம் மிச்சமிருக்கும். பழைய இரும்புக் கடைக்குப் போனால் அங்கே அதை கேஸ் கட்டிங் டார்ச்சால் வெட்டவோ நெருப்பில் போடவோ கூடும். வெடித்தால் தண்டு ஈட்டியாகப் பாயும். எடைக்குப் போடும்போது குழாயில் பெயின்ட்டால் ‘உள்ளே கேஸ் உண்டு, வெட்டாதே’ என்று எழுதி, கடைக்காரரிடம் வாயாலும் சொல்லிவிட்டு வாருங்கள்.