பல் வைத்தியத்தோடு ஊரையும் பார்க்கலாம்

அமெரிக்க முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், வழக்கமான பல் சிகிச்சைக்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை. அதனால்தான் அரிசோனா எல்லையை ஒட்டிய மெக்சிகோவின் லாஸ் அல்கோடோனெஸ் சிற்றூரில் தெருவெங்கும் பல் மருத்துவமனைகள். செலவு குறைந்த வாழ்க்கை தேடி மெக்சிகோவில் குடியேற நினைப்பவர்கள், குடியேற விரும்பும் ஊரிலேயே சிகிச்சை பெறுவது நல்லது. இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையில் பதிக்கும் டைட்டானியம் திருகு எலும்போடு சேரப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதமாகும். பிறகே செயற்கைப் பல். ஆக, இரண்டு பயணங்களில் இரு பருவங்களின் வெயிலையும் வாடகையையும் சந்தை விலையையும் நேரில் அறியலாம்.

ஊர் திரும்பியபின் சீழ் பிடித்தால் யார் பார்ப்பது என்ற அச்சம் நியாயமானதே. எக்ஸ்ரேயையும், பதித்த திருகின் நிறுவனம், அளவு பற்றிய விவரத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டால் உள்ளூர் மருத்துவரும் தொடர முடியும். அவசரப்படாதவருக்கே இந்தச் சிக்கனம் பலன் தரும்.