கன்ஹேரி: துறவிகளின் மலை

தாணே நகரமும் மும்பைப் புறநகரும் அமர்ந்திருக்கும் பழைய சாஷ்டித் தீவின் நடுவே, கருங்கல் மலையைக் குடைந்து உருவானது இந்தப் பௌத்த மடாலயம். கி.மு. 1ஆம் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் உளிச்சத்தம் ஓயவில்லை. குகைகள் நூற்றுக்கும் மேல். சோபாரா, கல்யாண் துறைமுக வணிகர்கள் கொடையளித்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. தாணேயை ஆண்ட சிலாஹாரர் காலக் கல்வெட்டுகளும் உண்டு.

3ஆம் எண் குகை, சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ காலத்துச் சைத்தியம், அதாவது வழிபாட்டு மண்டபம். கார்லா குகைச் சைத்தியத்தைப் பார்த்துச் செய்தது. அந்த நேர்த்தி இல்லை. தூண்கள் சிலவற்றில் யானைகள், பல வெறுமனே நிற்கின்றன. முகப்பின் இரு பக்கமும் ஓங்கி நிற்கும் புத்தர்கள் பின்னாளில் சேர்த்தவை.

சிற்பத்தைவிட வியப்பு தருவது தண்ணீர் ஏற்பாடு. காலடியில் பாருங்கள்: பாறையில் வெட்டிய சிறு வாய்க்கால்கள் மழைநீரைக் குகை வாசல் தொட்டிக்குக் கொண்டு சேர்க்கின்றன. அநேகமாக ஒவ்வொரு குகைக்கும் ஒரு தொட்டி.

90ஆம் எண் குகையில் பாரசீகர் சிலர் 1009, 1021ஆம் ஆண்டுகளில் பஹ்லவி எழுத்தில் தம் வருகையைப் பொறித்துள்ளனர். அது வரலாறாகிவிட்டது, நீங்கள் பெயர் கீறாதீர்கள். தொட்டிகளில் குப்பை போடாதீர்கள்.